வலிப்பு மருந்து வடிவமைப்பு: நிபெக்கோட்டிக் அமிலமா, பாக்கின் குவாசினா, வேறு இலக்கா?

நரம்புக்கடத்தி ஒன்றின் மீளுறிஞ்சலைத் தடுத்தால் வலிப்பு அடங்கவும் செய்யலாம், கிளம்பவும் செய்யலாம். எது நடக்கும் என்பது அந்தக் கடத்தியைப் பொறுத்தது. மனச்சோர்வுக்குத் தரும் புப்ரோபியான் நோரட்ரினலினையும் டோபமினையும் நரம்புக்குள் திரும்பவிடாமல் தடுக்கிறது. மாத்திரையின் அளவு கூடக்கூட வலிப்பு வரும் ஆபத்தும் கூடுகிறது. தூண்டும் கடத்தியான குளுட்டமேற்றை வெளியிலேயே தேங்கவிட்டாலும் வலிப்புத்தான். அடக்கும் கடத்தியான காபாவின் மீளுறிஞ்சலைத் தடுக்கும் வழிதான் வலிப்புக்கு மருந்தாக நிலைத்தது. அதிலும் மருந்தகம் வரை வந்தது ஒன்றே ஒன்று: தியாகபின். டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க்கில் உருவாகி, 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலாம் ஆண்டு ஆய்வுக்கு, அல்லது முதுமாணிப் பட்டத்துக்கு, "மூளையில் காபாவைக் கூட்டும் மூலக்கூறு" என்று தலைப்பெடுக்க நினைப்பவருக்கு முன்னால் நான்கு வழிகள் உண்டு. நிபெக்கோட்டிக் அமிலத்தை அச்சாக, அதாவது மூலக்கூறின் அடிப்படைச் சட்டமாக, வைப்பது ஒன்று. பாக்கில் இருக்கும் குவாசினை அச்சாக வைப்பது இரண்டாவது. தியாகபின் தடுக்கும் காட்-1 என்ற காவியை (காபாவை அள்ளி எடுக்கும் புரதத்தை) விட்டு வேறு காபா காவிக்குப் போவது மூன்றாவது. காவியையே விட்டு, காபாவைச் சிதைக்கும் நொதியத்தைப் பிடிப்பது நான்காவது.

பலர் அச்சை முதலில் தெரிகிறார்கள். அளவீட்டைப் பிறகு யோசிக்கிறார்கள். எங்கள் கருத்தில் அது தலைகீழ். எட்டு மாதத்தில் பத்து சேர்வைகளைச் செய்து வைத்துவிட்டு, அவை காவியைத் தடுக்கின்றனவா என்று பார்க்க வழியில்லாமல் நிற்பதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் விபத்து. ஆகவே எது உங்களால் அளக்கக்கூடியதோ அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். மீளுறிஞ்சலை அளக்க ஆள் கிடைத்தால் குவாசின், கிடைக்காவிட்டால் நொதியம்.

முதலில் காவியைப் பற்றிக் கொஞ்சம்

காபாவை நரம்பிடைவெளியிலிருந்து அள்ளி எடுக்கும் காவிகள் நான்கு: காட்-1, காட்-2, காட்-3, பிஜிடி-1. காட்-1 ஒரு காபாவோடு இரண்டு சோடியம் அயனையும் ஒரு குளோரைட்டு அயனையும் உள்ளே இழுக்கிறது. இழுக்கும் விசை சோடியத்தின் செறிவு வேறுபாட்டிலிருந்து வருவது. இந்தச் சின்ன விவரம் பின்னால் கணினி வேலையில் காலை வாரிவிடும்.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது. சுண்டெலியின் காவிகளுக்கு வேறு எண் வரிசை: சுண்டெலிக் காட்2 என்பது பிஜிடி-1, சுண்டெலிக் காட்3 என்பது மற்றவர்களின் காட்-2, சுண்டெலிக் காட்4தான் காட்-3. இரண்டு ஆய்வுக் கட்டுரைகளின் எண்களை ஒரே அட்டவணையில் போடும்போது இதைக் கவனிக்காமல், "இந்தச் சேர்வை காட்-3ஐத் தடுக்கிறது" என்று எழுதிவிட்டால் முழு ஒப்பீடும் பிழை.

நிபெக்கோட்டிக் அமிலமும் குவாசினும்

காபா வளையக்கூடிய சங்கிலி. அதை ஆறு அணு வளையத்துக்குள் பூட்டினால் நிபெக்கோட்டிக் அமிலம். அந்த வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பைச் சேர்த்தால் குவாசின். இரண்டும் எலி மூளைத் துண்டுகளில் காபா உள்ளெடுப்பைத் தடுக்கின்றன என்பதை ஆஸ்திரேலியாவின் கிரகாம் ஜோன்ஸ்டனும் டென்மார்க்கின் போவுல் குரொக்ஸ்கார்ட்-லார்சனும் 1975இல் காட்டினார்கள். பாக்கின் சேர்மங்களைப் பற்றிய அவர்களது கட்டுரை அந்த ஆண்டு நேச்சர் இதழில் வந்தது.

அப்படியானால் தோட்டத்தில் நாள் முழுக்க வெற்றிலை போடுபவருக்கு வலிப்பு வராதா என்ற கேள்வி எழும். வராது என்று சொல்ல முடியாது. சுண்ணாம்பின் காரத்தில் அரெக்கொலின் அரெக்கைடினாகவும், குவாகோலின் குவாசினாகவும் வாயிலேயே நீர்ப்பகுப்படைவது உண்மைதான். ஆனால் குவாசின் ஒரே மூலக்கூறில் நேர் ஏற்றத்தையும் எதிர் ஏற்றத்தையும் சுமக்கிறது. அந்த நிலையில் குருதி-மூளைத் தடுப்பை அது தாண்டாது. நிபெக்கோட்டிக் அமிலத்துக்கும் இதே கதி. பாக்கு மெல்வதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் வைத்தது என்பதையும் உங்கள் அறிமுக அத்தியாயத்தில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது ஒருவர் உங்கள் ஆய்வைக் காட்டி வெற்றிலைக்கு வக்காலத்து வாங்குவார்.

தடுப்பைத் தாண்ட வைத்தது ஒரு வால். ஸ்மித் கிளைன் ஆய்வாளர்கள் 1985இல் நிபெக்கோட்டிக் அமிலத்தின் நைதரசனில் 4,4-டைபீனைல்-3-பியூட்டெனைல் கூட்டத்தை ஒட்டினார்கள். கொழுப்பில் கரையும் தன்மை வந்தது; வாய்வழி கொடுத்தாலும் மூளைக்குப் போனது; காவியோடு ஒட்டும் வலிமையும் பல மடங்கு ஏறியது. வெறும் நிபெக்கோட்டிக் அமிலத்துக்கும் குவாசினுக்கும் பாதித் தடுப்புச் செறிவு (காவியின் வேலையைப் பாதியாகக் குறைக்கும் செறிவு; குறையக் குறைய வலிமை கூட) பத்து மைக்ரோமோலரை ஒட்டி இருக்க, மனிதக் காட்-1இல் வால் ஒட்டிய எஸ்கேஎஃப்-89976ஏ ஏறத்தாழ 0.13, தியாகபின் 0.07, குவாசின் அச்சில் நின்ற என்என்சி-711 ஏறத்தாழ 0.04 மைக்ரோமோலரில் வேலை செய்கின்றன.

இந்த எண்களை வைத்துக் குவாசின் வென்றது என்று சொல்லிவிடக் கூடாது. என்என்சி-711இன் வாலில் ஒட்சீம் இணைப்பும் இருக்கிறது, வால் வேறு. குவாசினை நாங்கள் முன்னே வைப்பதற்குக் காரணம் வேறொன்று. நிபெக்கோட்டிக் அமிலத்தின் மூன்றாம் காபன் சமச்சீரற்றது; அதனால் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான ஆர், எஸ் என்ற இரண்டு எதிருருக்கள் உண்டு. ஆர் எதிருருதான் கூடிய வலிமையுள்ளது. கலவையாகச் செய்தால் பாதிப் பொருள் பாரம். பிரிக்க வேண்டுமென்றால் எதைல் நிபெக்கோட்டேற்றை எல்-டாட்டாரிக் அமிலத்தோடு உப்பாக்கி, எதனோலில் இரண்டு மூன்று தடவை மீள்பளிங்காக்கி, ஒவ்வொரு முறையும் ஒளிச்சுழற்சியைப் பார்க்க வேண்டும். கைதேர்ந்தவருக்கே ஒரு மாதம் போகும். குவாசினில் அந்தக் காபன் இரட்டைப் பிணைப்பில் நிற்கிறது. எதிருரு என்ற பேச்சே இல்லை. ஒரு வருட ஆய்வில் ஒரு மாதம் பெரிய சேமிப்பு.

குவாசினைப் பாக்கிலிருந்தே எடுக்கலாமே என்ற ஆசையை மட்டும் விடுங்கள். காய்ந்த பாக்கில் அரெக்கொலின் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. 0.3 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், 5 மில்லிமூல் அரெக்கொலினுக்கு, அதாவது 0.78 கிராமுக்கு, கால் கிலோவுக்கு மேல் பாக்கு வேண்டும்; அதுவும் ஒரு துளி வீணாகாமல். கூடவே தனின் வரும். அது குளோரோபோம் பிரித்தெடுப்பில் விடாப்பிடியான பால்மத்தை உண்டாக்கும். அரெக்கொலின் ஆவியாகக்கூடியது, மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டும் நச்சு. கையுறையும் புகைப்பெட்டியும் இல்லாமல் சுண்டக்கூடாது. அதற்குமேல் நைதரசனிலுள்ள மெதைலைக் குளோரோஎதைல் குளோரோபோர்மேற்றால் கழற்ற வேண்டும். அது ஈரத்தில் கெடும், கண்ணைக் கரிக்கும். எதைல் குவாசினேற்று ஐதரோகுளோரைட்டை வாங்கிவிடுவதே நல்லது.

வால் ஒட்டும் வேலை

மாதிரிச் சேர்வையாக டைபீனைல் வாலைக் குவாசினில் ஒட்டுவதை எடுத்துக்கொள்வோம். இது தெரிந்த சேர்வை. புதிய வால்களோடு ஒப்பிட இதைக் கட்டாயம் செய்து வைத்திருக்க வேண்டும்.

வளையபுரோப்பைல் பீனைல் கீற்றோன் 2.92 கிராம், அதாவது 20 மில்லிமூல். கிரிக்னாட்டு வினைபொருளான பீனைல்மகனீசியம் புரோமைட்டை 24 மில்லிமூல் புதிதாகச் செய்ய மகனீசியம் 0.64 கிராமும் புரோமோபென்சீன் 3.77 கிராமும் போதும். இங்கேதான் மலையகத்துச் சிக்கல். மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் தோறும் இடிமழை. கண்ணாடிக் குடுவையைத் துடைத்துக் காயவைத்தால் போதாது. 120 பாகையில் ஓர் இரவு அடுப்பில் வைத்து, சூட்டோடு பொருத்தி, நைதரசனை ஓடவிட்டு ஆறவிடுங்கள். பேராதனை ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் டைஎதைல் ஈதர் 33 பாகையை ஒட்டியே கொதிக்கும். வெயில் நாளில் ஒடுக்கியையும் மீறிப் போய்விடும், குடுவை வற்றும். டெட்ராஐதரோபியூரானே மேல். வினை தொடங்காவிட்டால் ஒரு பளிங்கு அயடீனும் இலேசான சூடும். தொடங்கிய பிறகு புரோமோபென்சீனை அவசரமாக ஊற்றினால் பைபீனைல் கூடும். அது கடைசி வரை கூடவே வரும். காலையில் தொடங்குங்கள். பின்னேர இடிமழையில் மின்சாரம் போனால் கலக்கி நின்றுவிடும், நின்ற கிரிக்னாட்டுக் கலவையை மறுபடி கலக்கும்போது சூடு பொங்கும்.

கிடைக்கும் வளையபுரோப்பைல்டைபீனைல் மெதனோல் கொள்கையளவில் 4.49 கிராம். அதை அசற்றிக் அமிலத்தில் கரைத்து, பனிக்கட்டியில் வைத்து, 48 சதவீத ஐதரோபுரோமிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மூன்று அணு வளையம் திறந்து 4-புரோமோ-1,1-டைபீனைல்பியூட்டீன் வரும்.

அடுத்தது ஒட்டுவது. எதைல் குவாசினேற்று ஐதரோகுளோரைட்டு 0.96 கிராம், புரோமைட்டு 1.72 கிராம், நன்றாகக் காய்ந்த பொற்றாசியம் காபனேற்று 2.07 கிராம், பொற்றாசியம் அயடைட்டு 80 மில்லிகிராம், அசற்றோன் 25 மில்லிலீற்றர். ஒன்றிரண்டு நாள் மீள்கொதிப்பு. மெல்லிய படல நிறப்பகுப்பில் கரைப்பான் முன்னணியை ஒட்டிப் புறஊதாவில் பளிச்சென்று ஒரு புள்ளி வளர்ந்துகொண்டே போனால், புரோமைட்டு நைதரசனோடு சேராமல் ஐதரசன் புரோமைட்டை இழந்து டைபீனைல்பியூட்டாடையீனாகிறது என்று பொருள். அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டுவதும் வலிய காரம் சேர்ப்பதும் இதைத்தான் கூட்டும். பொறுமையும் அயடைட்டும்தான் மருந்து.

எசுத்தரை எதனோலில் சோடியம் ஐதரொட்சைட்டால் அறை வெப்பநிலையில் ஓர் இரவு நீர்ப்பகுத்து, எதனோலை அகற்றி, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தால் பிஎச்சை 5 அல்லது 6க்குக் கொண்டுவந்து டைகுளோரோமெதேனில் எடுக்க வேண்டும். பலர் இங்கே நேராகப் பிஎச் 1க்கு இறக்கிவிட்டு, பொருள் நீரிலும் இல்லை, கரைப்பானிலும் இல்லை, நடுவில் பசையாக நிற்கிறது என்று திகைப்பார்கள். அது உப்பாகிவிட்ட பொருள்தான். காரம் விட்டு மீட்கலாம். முழு விளைவும் கிடைத்தால் ஐதரோகுளோரைட்டாக 1.85 கிராம்.

புதுமை எங்கே? வாலில். தியாகபினின் இரண்டு தயோபீன் வளையங்களில் ஒன்றை ஈரலின் சைட்டோகுரோம் 3ஏ4 நொதியம் ஒட்சியேற்றுகிறது. அதன் அரை ஆயுள் 7 முதல் 9 மணித்தியாலம். வேறு வலிப்பு மருந்துகளான கார்பமசெப்பீனோ பெனிற்றோயினோ கூட எடுத்தால் 4 முதல் 7க்குக் குறைகிறது. நம் ஆஸ்பத்திரிகளில் பழக்கமான மருந்துகளே அவை என்பதால், ஒட்சியேற்றத்துக்கு எளிதில் பணியாத வால் என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. பீனைல் வளையங்களில் புளோரினோ, வாலில் ஈதர் இணைப்போ வைத்து ஐந்தாறு சேர்வைகள் போதும்.

கணினியில் பொருத்திப் பார்ப்பது

2005இல் வெளியான லூட்டி என்ற பக்டீரியக் காவியின் அமைப்பை வைத்துத்தான் நெடுங்காலம் காட்-1இன் மாதிரிகளைச் செய்தார்கள். அவற்றில் மருந்து வெளிப்பக்கத்திலிருந்து நுழைந்து, வால் வெளிவாயிலை நோக்கி நிற்கும். 2022இல் தியாகபின் பிணைந்த மனிதக் காட்-1இன் உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டி அமைப்பு வந்தது. அதில் காவி உள்பக்கம் திறந்த நிலையில் பூட்டுப்பட்டிருக்கிறது. தியாகபின் காபா வெளியேறும் உள்வாயிலை அடைத்து நிற்கிறது. எந்த நிலையை எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லாமல் பிணைப்பாற்றல் எண்களை மட்டும் போடும் ஆய்வுக்கு மதிப்பில்லை. இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஓட்டோடொக் வினா என்ற பொருத்தும் மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினி போதும்.

செய்யும் தவறுகள் மூன்று. வெளிப்பக்க மாதிரியைத் தயாரிக்கும்போது "தேவையில்லாத அயன்" என்று சோடியத்தையும் குளோரைட்டையும் அழிப்பது. அங்கே காபொட்சிலேற்று பிடித்து நிற்பதே அந்தச் சோடியத்தைத்தான். மூலக்கூறை ஏற்றமில்லாத வடிவில் இறக்குவது. உடலில் நைதரசன் ஐதரசன் ஏற்றது, காபொட்சில் ஐதரசனை இழந்தது. நைதரசன் ஐதரசனை ஏற்றதும் வால் வளையத்தின் மேலும் நிற்கலாம், பக்கவாட்டிலும் நிற்கலாம் என்பதை மறப்பது. இரண்டையும் தனித்தனியாகப் பொருத்த வேண்டும். தியாகபினையே முதலில் மறுபடி பொருத்தி, உண்மையான இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ரோமுக்குள் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மற்ற எண்களைப் பார்க்கத் தேவையில்லை.

உள்ளெடுப்பை அளப்பது

வழக்கமான முறை, கதிரியக்கமுள்ள திரித்தியம் ஏற்றிய காபா. இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் சபையின் உரிமமும், துளிர்வு எண்ணியும், கழிவுக்கு இடமும் வேண்டும். இளமாணி ஆய்வுக்கு இது ஒத்துவராது. கதிரியக்கமில்லாத வழி, என்என்சி-711ஐ அடையாளப் பொருளாக வைத்து, அதை உங்கள் சேர்வை எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதைத் திரவ நிறப்பகுப்பு - திணிவு நிறமாலையால் அளப்பது. மியூனிக்கில் வளர்ந்த முறை இது. காட்-1ஐ வெளிப்படுத்தும் கலங்களும் அந்தக் கருவியும் உள்ள ஒரு கூட்டாளி இருந்தால், 5 மில்லிகிராம் பொருளை அனுப்பினால் வேலை முடியும். கூட்டாளியின் சம்மதக் கடிதம் கையில் வரும்வரை கிரிக்னாட்டைத் தொடங்காதீர்கள்.

மூன்றாவது வழியைப் பற்றி

சுருக்கமாகவே சொல்லலாம். பிஜிடி-1ஐயும் சேர்த்துத் தடுக்கும் இஎஃப்1502 என்ற சேர்வை தியாகபினோடு சேரும்போது சுண்டெலியில் இரண்டின் தனித்தனி விளைவுகளின் கூட்டலையும் மிஞ்சிய விளைவைக் காட்டியது. அதனால் ஆர்வம் கிளம்பியது. ஆனால் பிஜிடி-1 மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் வலிப்பின் நுழைவெல்லை மாறவில்லை என்று 2011இல் தெரிந்தது. காட்-3க்குப் பெயர் பெற்ற எஸ்என்ஏபி-5114, காட்-1ஐ விட்டுவிடுகிறது என்றாலும் மைக்ரோமோலர் அளவில்தான் தடுக்கிறது. அதன் டிரைஅரைல்மெதைல் ஈதர் அமிலத்தில் உடைகிறது. புதியவருக்கு இது சேறு.

நொதியத்தைப் பிடிப்பது

விகாபட்ரின் என்ற வலிப்பு மருந்து, காபாவைச் சிதைக்கும் நொதியமான காபா-டிரான்ஸமினேசை மீளமுடியாதபடி முடக்குகிறது. பிரித்தானியாவில் 1989இலும் அமெரிக்காவில் 2009இலும் ஒப்புதல் பெற்றது. குழந்தைகளின் ஸ்பாசத்தில், குறிப்பாகக் கிழங்குரு வன்மை என்ற மரபணு நோயோடு வருவதில், அதற்கு நிகர் குறைவு. விலை கண்பார்வை: பார்வைப் புலம் ஓரங்களிலிருந்து நிரந்தரமாகச் சுருங்கலாம். ஆகவே இந்த வழியில் வடிவமைப்பவர் விழித்திரையை விட்டுவைக்கும் மூலக்கூறைத் தேட வேண்டும், அது கடினம்.

ஆனால் அளவீடு எளிது. புறஊதா நிறமாலைமானி ஒன்று போதும். காபேசு என்ற பெயரில் விற்கும் பக்டீரிய நொதியக் கலவை காபாவைச் சக்சினிக் செமிஅல்டிகைட்டாக்கி, அதை ஒட்சியேற்றும்போது என்ஏடிபிஎச் உண்டாகிறது. 340 நனோமீற்றரில் ஏற்றத்தைப் பார்க்கலாம். பைரோபொஸ்பேற்றுத் தாங்கற்கரைசல் பிஎச் 8.5, காபா 10, அல்ஃபா-கீற்றோகுளுட்டாரேற்று 5, என்ஏடிபி 1 மில்லிமோலர். உறிஞ்சல் 0.1 ஏறினால் என்ஏடிபிஎச் 16 மைக்ரோமோலர். கலவையில் நொதியங்கள் இரண்டு. உங்கள் சேர்வை இரண்டாவதை முடக்கினாலும் கோடு தட்டையாகும். செமிஅல்டிகைட்டை நேராக ஊற்றி இரண்டாவது வேலை செய்கிறதா என்று தனியாகப் பாருங்கள். மீளமுடியாத தடுப்பா என்பதை அறிய, முன்கூட்டிக் கலந்து வைத்து, நூறு மடங்கு ஐதாக்கி, செயற்பாடு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பக்டீரிய நொதியம் மனித நொதியமல்ல. நல்ல இரண்டு சேர்வைகளைப் பன்றி மூளை அரைசலிலும் சோதியுங்கள். நுவரெலியாவில் அறை 16 பாகையில் இருக்கும் நாளில் எடுத்த வேகத்தை, கண்டியில் 25 பாகையில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். வெப்பநிலை காக்கும் கலத்தாங்கி இல்லாமல் இந்த வேலை வேண்டாம்.

எலிக்கு முன் மீன்

காட்-1ஐத் தடுப்பது எல்லா வலிப்புக்கும் ஏற்றதல்ல. காட்-1 இல்லாத சுண்டெலிகளில் சிலகணம் வெறித்து நிற்கும் வகை வலிப்பு காணப்படுகிறது. மனிதரில் அதே காவியின் எஸ்எல்சி6ஏ1 மரபணு பழுதானால் மயோகுளோனிக்-அற்றோனிக் வலிப்பு வருகிறது என்று 2015இல் கண்டார்கள். தியாகபினும் உடல் உதறாத தொடர்வலிப்பைக் கிளப்பியதுண்டு. வலிப்பு நோயே இல்லாதவர்களுக்கு வேறு காரணத்துக்காகக் கொடுத்தபோது வலிப்பு வந்ததால் 2005இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. இதே குடும்பத்துச் சிஐ-966 கடுமையான மனக்குழப்ப விளைவுகளால் மனிதச் சோதனையிலேயே நின்றுபோனது.

சோதனை மாதிரியைத் தெரிவதிலும் இதே கவனம் வேண்டும். மின்சாரத்தால் வலிப்பைக் கிளப்பும் அதிமின்னதிர்ச்சிச் சோதனையில் தியாகபின் மங்கலாகவே தெரியும். வலிப்பைக் கிளப்பும் இரசாயனமான பென்டிலீன்டெட்ரசோலில்தான் பலன் காட்டும். முதலாவதை மட்டும் வைத்து வடிகட்டினால் நல்ல காட்-1 தடுப்பியைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள். எலிக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி தாமதமானால், ஏழு நாள் வயதான வரிமீன் குடம்பியில் 20 மில்லிமோலர் பென்டிலீன்டெட்ரசோல் நல்ல முன்வடிகட்டி. தொட்டி 28.5 பாகையில் இருக்க வேண்டும்; டிசம்பர், ஜனவரி இரவுகளில் கண்டியில்கூடச் சூடாக்கியும் மின்சாரம் போனால் தாக்குப்பிடிக்கும் மாற்று மின்கலமும் இல்லாமல் முடியாது. குளிர்ந்த தொட்டியில் குடம்பி மந்தமாகும். மந்தமான குடம்பி மருந்தால் அடங்கியது போலவே தெரியும். மருந்தில்லாத ஒரு வரிசையை ஒவ்வொரு தட்டிலும் வையுங்கள்.